மேற்படி தொலைநோக்கியும் மேற்படி சிலந்தியும்

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், நான் வேலை பார்த்த கோர்ட்டில் இப்போது இருக்கும் ஊழியர் ஒருவர் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். வழக்கில் பிடிபடும் பொருளை இனிமேல் வருஷக்கணக்கில் கட்டிக் காக்க வேண்டியதில்லையாம். படம் பிடித்து வைத்துக்கொண்டு, பொருளை உரியவரிடம் கொடுத்துவிடலாமாம். "உங்க காலத்துல இன்னா அண்ணாத்த பண்ணீங்க?" என்று கேட்டார். அதோடு குடித்தனம் நடத்தினோம் என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பித்தளைத் தொலைநோக்கியோடு ஆறு வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான். ரசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் முனுசாமி. செங்கல்பட்டில் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவன். வெள்ளை உடுப்பு, குறுக்கே சிவப்புப் பட்டை, பட்டையில் பித்தளை வில்லை. வாசலில் நின்று கட்சிக்காரர்களின் பெயரை மூன்று முறை கூப்பிடுவது என் தலையாய வேலை. மூன்றாவது முறைக்கும் ஆள் வரவில்லையென்றால் பிடிவாரண்ட் போட்டுவிடுவார்கள். அதனால் கூப்பிடுகிறவனின் தொண்டைக்குப் பொறுப்பு உண்டு. நான் சேர்ந்த அன்று இருந்த மாஜிஸ்திரேட், "எதிர் டீக்கடையில டீ குடிக்கிறவன் கிளாஸைக் கீழே வைக்கணும், அப்படிக் கூப்பிடு" என்றார். எனக்குக் கிடைத்த பயிற்சி மொத்தமும் அவ்வளவுதான். இரண்டாவது வேலை, சான்றுப் பொருள் அறையிலிருந்து பொருளைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைப்பது. அரிவாள், சைக்கிள், சாராய கேன், ஒரு தடவை ஒரு வெள்ளாடு. வெள்ளாடு மாஜிஸ்திரேட்டின் குறிப்பைத் தின்றுவிட்டது. அது வேறு கதை.

அந்த அறைக்கு அதிகாரி எங்கள் தலைமை எழுத்தர் வேதாசலம் ஐயா. நெற்றியில் திருநீறு, சட்டைப்பையில் மஞ்சள் துணி. வாழ்க்கையில் ஒரு தடவைகூட 'நான் செய்தேன்' என்று சொல்லாத மனிதர். 'செய்யப்பட்டது' என்பார். சாப்பிட்டாச்சா என்று கேட்டால், "உண்ணப்பட்டது" என்பார். வீட்டிலும் இப்படித்தானா என்று அவருடைய மனைவியிடம் ஒரு நாள் கேட்டேன். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அரக்கு உருக்கி முத்திரை வைத்தால் ஒரு சொட்டு வெளியே சிந்தாது. சான்றுப் பொருளில் தூசி இருந்தால் அவருக்கு இரவில் தூக்கம் வராது. மாவட்ட நீதிபதி ஆண்டாய்வுக்கு வருகிறார் என்றால், மஞ்சள் துணியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அத்தனை பொருளையும் துடைத்துவிட்டுத்தான் வெளியே வருவார். இரத்தக்கறை அரிவாளை மட்டும் துடைக்க வேண்டாம் என்று நாங்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறோம்.

இனி வழக்கு. மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பழைய சாமான் விற்கிற கடை வைத்திருந்தவர் டேவிட். செய்யூர் பக்கத்துக்காரர். அவருடைய அப்பா அம்மா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. குடும்பத்தில் சொந்தமாகக் கடை என்று போட்டவர் இவர்தான். தொண்ணூறுகளில் கடலோரத்தில் போலீஸ் கெடுபிடி அதிகமாக இருந்த சமயம். ஏதோ ஒரு பழைய பங்களாவில் கழித்துக்கட்டிய சாமான்களோடு இந்தத் தொலைநோக்கியை வாங்கி, கோணியில் சுற்றி, டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் வந்திருக்கிறார். செக்போஸ்ட்டில் மறித்துக் கோணியை அவிழ்த்தார்கள். ஒரு கை நீளத்துக்குப் பித்தளைக் குழாய். அதற்குக் குறுக்கே ஒரு அச்சு. அச்சைத் தாங்க இரண்டு இரும்புக் கால்கள். குழாய் மேலும் கீழும் மட்டும் நிமிரும், இடமோ வலமோ திரும்பாது. பார்த்தால் சின்ன பீரங்கி மாதிரிதான் இருக்கும், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். குற்றப்பத்திரிகையில் 'ராக்கெட் ஏவும் குழாய் போன்றதொரு பொருள்' என்று எழுதி, ஆயுதச் சட்டத்தில் வழக்குப் போட்டுவிட்டார்கள்.

அது தொலைநோக்கி என்று போலீசுக்குத் தெரிய ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஆனால் ஆயுதம் பிடித்ததாகப் பேப்பரில் படம் வந்துவிட்டது. தொலைநோக்கி என்று திருப்பிச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. டேவிட்டுக்கு ஊரில் 'ராக்கெட் டேவிட்' என்று பெயர் வந்துவிட்டது. அவருடைய மனைவி ஸ்டெல்லாவையும் இரண்டு பிள்ளைகளையும் மாமனார் வந்து மதுராந்தகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கேஸ் முடிந்தால் அனுப்புகிறேன் என்பது பேச்சு. இந்த டேவிட் இருக்கிறாரே, பொறுக்க முடியாமல், 'முடிஞ்சிபோச்சி' என்று பொய் சொல்லி இரண்டு தடவை குடும்பத்தைக் கூட்டிவந்தார். இரண்டு தடவையும் பின்னாலேயே சம்மன் வந்து மானத்தை வாங்கியது. அதற்குப் பிறகு மாமனார், "கோர்ட்டு ஆளே வந்து சொன்னாதான் உண்டு, உன் பேச்சு வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் டேவிட் வந்து வராந்தாவில் நிற்பார். நான் பெயரைக் கூப்பிடுவேன். தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைப்பேன். சாட்சி வரவில்லை என்று அடுத்த தேதி போடுவார்கள். மறுபடியும் தூக்கிக்கொண்டு வருவேன். இப்படியே மூன்று மாஜிஸ்திரேட்டுகள் மாறினார்கள். எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

நான்காவதாக ஒரு அம்மா வந்தார்கள். பழைய வழக்குகளை முடித்தே தீருவது என்ற வேகம் அவர்களுக்கு. முதல் நாளே தொலைநோக்கியைக் காட்டி, "இதில் யாராவது கண்ணை வைத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். அந்த யோசனை அதுவரை யாருக்கும் வரவில்லை. அம்மா எழுந்து வந்து, ஜன்னல் பக்கம் குழாயை வைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். எதிர் டீக்கடை தெரிந்தது, தலைகீழாக. டீ ஆற்றுகிறவர் டீயைக் கீழிருந்து மேலே ஊற்றிக்கொண்டிருந்தார்.

அரசு வக்கீல் அப்போதே பிடித்துக்கொண்டார். "உலகத்தில் எந்தத் தொலைநோக்கி தலைகீழாகக் காட்டும்? எந்தத் தொலைநோக்கி பக்கவாட்டில் திரும்பாமல் இருக்கும்? ஆகவே இது தொலைநோக்கி இல்லை, கனம் கோர்ட்டார் அவர்களே!" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. டேவிட் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அம்மா நிபுணர் சாட்சி வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். ஒரு கல்லூரியில் இயற்பியல் எடுக்கிற விமலா மேடம் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கேளம்பாக்கத்தில் குடியிருந்தார். தொலைநோக்கியைப் பார்த்ததும் முகமெல்லாம் பூரிப்பு. "எம்மா! இதைப் போயா ராக்கெட்டுன்னிய?" என்று கூண்டிலேயே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு விளக்கினார். இது நட்சத்திரங்களை வைத்து நேரம் பார்க்கவும், அவை வானத்தில் இருக்கும் இடத்தைக் குறிக்கவும் அந்தக் காலத்தில் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போன கருவி. வானத்துக்குத் தலைகீழ் கிடையாது, அதனால் அப்படிக் காட்டினாலும் மோசமில்லை. வடக்கு தெற்காக நிறுத்திவிட்டால், நட்சத்திரம் தானாக நகர்ந்து வந்து குழாய்க்கு நேரே கடக்கும். கடக்கும் நொடியைக் குறித்துக்கொள்ள வேண்டும். நாம் தேடிப் போக வேண்டாம், அது வரும் வரை காத்திருந்தால் போதும்.

"கடக்கிறதை எதை வெச்சிக் குறிப்பாங்க?" என்று அம்மா கேட்டார்கள்.

"உள்ளே அஞ்சு கோடு இருக்கும். மெல்லிசான நூல். அதுதான் இந்தக் கருவிக்கு உயிர். காட்டுதேன்" என்று மேடம் கண் வைக்கும் பக்கத்தைத் திருகிக் கழற்றினார். உள்ளே ஒரு வளையம். வளையத்தில் நூல் உட்காரும் சின்னச் சின்னப் பள்ளங்கள். நூல் ஒன்றுகூட இல்லை. மேடம் முகம் சுருங்கியது. "சிலந்தி நூல்லதான் கட்டியிருப்பாங்க. எங்க போச்சு?"

நான் திரும்பி வேதாசலம் ஐயாவைப் பார்த்தேன். அவருடைய திருநீறு வேர்வையில் கரைந்துகொண்டிருந்தது. கை தானாகவே சட்டைப்பையில் இருந்த மஞ்சள் துணியின் மேல் போனது.

"கனம் கோர்ட்டார் அவர்களுக்கு," என்று எழுந்தார். "மேற்படி பொருள் கழற்றப்பட்டு, அதனுள் ஒட்டடை காணப்பட்டது. ஆண்டாய்வை முன்னிட்டு அகற்றப்பட்டது."

"யாரால்?" என்றார்கள் அம்மா.

முப்பது வருஷ சர்வீஸில் அவரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கடைசியில், "நான்தாம்மா தொடச்சேன்" என்றார்.

சாயங்காலம் வராந்தாவில் டேவிட் அவரிடம் வந்து நின்றார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். "ஐயா, நீங்க தொடச்சீங்க, பரவால்ல. கிறிஸ்மஸுக்கு என் பசங்க வூட்டுக்கு வர்றதுக்கு எதுனா வழி கீதான்னு மட்டும் சொல்லுங்க" என்றார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கோர்ட் மூட அப்போது மூன்று வாரம் இருந்தது. விடுமுறைக்குப் பிறகு அம்மாவுக்கு மாற்றல் என்று பேச்சு அடிபட்டது. ஐந்தாவது மாஜிஸ்திரேட் வந்தால் எல்லாம் முதலிலிருந்து. அன்று ராத்திரி வேதாசலம் ஐயா சாப்பிடவில்லை என்று அவருடைய மனைவி பிறகு சொன்னார்.

டேவிட்டின் வக்கீல், கருவியில் மறுபடி சிலந்தி நூல் கட்ட அனுமதி கேட்டு மனுப் போட்டார். சான்றுப் பொருளில் கை வைப்பது குற்றம் என்று அரசு வக்கீல் எதிர்த்தார். கோர்ட்டே கை வைத்துவிட்டதே என்று இவர் திருப்பினார். அம்மா இரண்டு நாள் யோசித்து உத்தரவு போட்டார்கள். நூல் கட்டலாம். இரண்டு தரப்பும் உடன் இருக்க வேண்டும். சிலந்தி கோர்ட் வளாகத்துக்குள்ளேயே பிடிக்கப்பட வேண்டும், எந்தத் தரப்பும் வெளியிலிருந்து கொண்டு வரக் கூடாது. பிடித்ததற்கு மகஜர் எழுதி இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும்.

சிலந்திக்கா பஞ்சம் என்று நினைத்தோம். தேடப் போனால் ஒன்றையும் காணோம்! வேதாசலம் ஐயாவின் சுத்தம் அப்படி. சான்றுப் பொருள் அறை, பதிவறை, கக்கூஸ் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினோம். ஒரு கான்ஸ்டபிள் மாமரத்தில் ஏறினார், எறும்பு கடித்து இறங்கினார். வக்கீல்கள் மேசைக்கு அடியில் குனிந்து போனார்கள். கடைசியில் அது அகப்பட்ட இடம், அரசு வக்கீலின் அலமாரிக்கு மேலே, அவர் வருஷக்கணக்காகத் தொடாத கட்டுகளுக்கு நடுவே. சின்ன, சாம்பல் நிறச் சிலந்தி. அரசு வக்கீலின் முகம் செத்துவிட்டது.

"அரசுத் தரப்புச் சிலந்தி. ஆகவே அதன் நடுநிலை பற்றி அரசுத் தரப்புக்கு ஆட்சேபம் இருக்காது" என்று அம்மா எழுதிக்கொண்டார்கள். சிரிக்காமல் எழுதினார்கள், அதைச் சொல்ல வேண்டும்.

பழைய ஒட்டடை உதவாதாம், புது நூல் வேண்டுமாம். மேடம் சிலந்தியை ஒரு குச்சியில் ஏற்றி, குச்சியைத் தட்டினால் அது நூல் விட்டுக் கீழே இறங்கும், அந்த நூலைக் கம்பிக் கவையில் சுற்றி எடுத்துக்கொள்ளலாம் என்றார். தட்டினார். சிலந்தி இறங்கவில்லை. மறுபடி தட்டினார். அது குச்சியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வேதாசலம் ஐயா பக்கத்தில் நின்று மகஜர் எழுதிக்கொண்டே வந்தார்: 'மேற்படி சிலந்தி கோர்ட் உத்தரவுப்படி இறங்க மறுத்தது.' பிறகு அது குதித்து டேவிட்டின் சட்டைக்குள் போய்விட்டது. கான்ஸ்டபிள் "புடி, புடி, வுடாத" என்று ஓடிவந்தார். டேவிட் ஆறு வருஷம் கழித்து முதல் தடவையாகச் சிரித்தார், கூச்சம் தாங்காமல். அவருடைய காலரிலிருந்து அது சாவகாசமாக நூல் விட்டு இறங்கியது. மேடம் கவையில் சுற்றி எடுத்துக்கொண்டார். அன்று மாலை வரை சிலந்தி தீப்பெட்டியில் போலீஸ் காவலில் இருந்து, பிறகு சொந்த ஜாமீனில் அலமாரிக்குத் திரும்பியது.

நூலை வளையத்தில் ஒட்ட ஒரு துளி அரக்கு வேண்டும், கை நடுங்கக் கூடாது. மேடம் கை நடுங்கியது. வேதாசலம் ஐயா முன்னால் வந்தார். ஊசி முனையில் அரக்கைத் தொட்டு, மூச்சை அடக்கி, ஐந்து நூலையும் அந்தந்தப் பள்ளத்தில் உட்கார வைத்தார். முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "ஒட்டினேன்" என்றார்.

நட்சத்திரத்துக்கு ராத்திரி வரை கோர்ட் காத்திருக்காது. அதனால் சூரியனை வைத்துப் பகலிலேயே சோதிப்பது என்று முடிவானது. மேடம் ஒரு வாரம் தினமும் வந்து, கொடிக்கம்பத்து நிழலைச் சாக்பீஸால் கோடு போட்டு வடக்கு தெற்கு கண்டுபிடித்திருந்தார். கொடிமேடையில் கருவியை நிறுத்தினோம். நூல் பொசுங்காமல் இருக்கக் குழாய் வாயை ஓட்டை போட்ட அட்டையால் மூடினார். கண் வைக்கும் பக்கத்துக்கு நேரே வெள்ளைத் தாள். சூரியனின் பிம்பமும் ஐந்து கோடுகளும் தாளில் விழும், எல்லோரும் பார்க்கலாம். சூரியன் நடுக்கோட்டைக் கடப்பது பன்னிரண்டு எட்டுக்கு என்று முன்னாலேயே கோர்ட்டில் சொல்லிவிட்டார். சொன்னபடி கடந்தால் இது நேரம் பார்க்கும் கருவி. கடக்காவிட்டால் டேவிட் பாடு அதோகதி.

மார்கழி மாதம், வானத்தில் மேகம். வளாகம் முழுக்க ஜனம், எதிர் டீக்கடை மூடிக் கிடந்தது. ஆளுக்கு ஒரு கடிகாரம் ஒரு நேரம் காட்டியதால், வேதாசலம் ஐயா உள்ளே டெலிபோனில் மணி சொல்லும் எண்ணுக்கு அடித்துக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே கத்தினார். "பன்னிரண்டு!" என்றார். அரசு வக்கீல் எழுந்துவிட்டார். "மத்தியானம் ஆகிவிட்டது, சூரியன் கோட்டுக்கு வரவில்லை. கருவி போலி!"

"நம்ம கடிகார நேரம் வடக்கே வேற ஊரை வெச்சிக் கணக்கு பண்ணினது, சார். செங்கல்பட்டு மேற்கே தள்ளி இருக்கு. இங்கே உச்சிப்பொழுது கொஞ்சம் லேட்டாத்தான் வரும்" என்றார் மேடம்.

"எப்போதிலிருந்து?" என்று கேட்டார் அரசு வக்கீல், மிரட்டலாக.

"ஊரு இங்க இருக்கிற நாள்லேர்ந்து, சார்."

மேகம் வந்து மூடிக்கொண்டது. தாள் வெறுமையாகிவிட்டது. "பன்னிரண்டு ஆறு!" டேவிட் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் ஜெபம் செய்தார். அரசு வக்கீலும் மேலே பார்த்து ஏதோ முணுமுணுத்தார், எதற்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் கோட்டில் சூரியன் பட்டதை யாரும் பார்க்கவில்லை. "முதல் சாட்சி ஆஜராகவில்லை, தொடருங்கள்" என்றார்கள் அம்மா. இரண்டாவது கோட்டில் வெளிச்சம் விழுந்தது. ஒரு வெள்ளை வட்டம், ஊர்ந்துகொண்டே வருகிறது! "பன்னிரண்டு எட்டு!" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தபோது, நடுக்கோடு வட்டத்தைச் சரிபாதியாக வகுந்து நின்றது. யாரோ விசில் அடித்தார்கள். அந்தக் கான்ஸ்டபிள்தான்.

விடுமுறைக்கு முந்தைய நாள் தீர்ப்பு. இதை வைத்து யாரையும் தாக்க முடியாது, தானாக வருவதற்காகக் காத்திருக்க மட்டுமே முடியும் என்று எழுதி, அம்மா டேவிட்டை விடுதலை செய்தார்கள். தொலைநோக்கியை எடுத்துக்கொள்ளலாம் என்றதும் டேவிட் இரண்டு அடி பின்னால் போனார். "அத எடுத்துகினு மறுபடி அந்த ரோட்ல போவச் சொல்றீங்களா? வேணாம்மா!" அங்கேயே அதை மேடத்தின் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

பிறகு என்னிடம் வந்து, சொல்லத் தயங்கி நின்றார். எனக்குப் புரிந்தது, மாமனாரிடம் சொல்லக் கோர்ட்டு ஆள் வேண்டும். உடுப்போடு வெளியூர் போவது விதிக்கு விரோதம். வேதாசலம் ஐயாவிடம் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அணிந்து செல்லப்படலாம். எவராலும் பார்க்கப்படவில்லை" என்றார்.

மறுநாள் காலை மதுராந்தகம் பஸ்ஸில் வெள்ளை உடுப்பு, சிவப்புப் பட்டை, வில்லையோடு நான் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் டிக்கெட் கேட்கப் பயந்தார். பக்கத்தில் டேவிட், கையில் தீர்ப்பு நகல், முகத்தில் சவக்களை. மாமனார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நகலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேப்பரு யார் வேணா அடிச்சிக் கொடுப்பான். ஏற்கெனவே ரெண்டு தபா ஏமாந்துட்டேன். இந்த ட்ரெஸ்ஸும் வாடகைக்குக் கெடைக்குது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் போட்ட உடுப்பை நாடகத்து உடுப்பு என்கிறாரே! தெருவுக்கு நடுவில் போய் நின்றேன். மார்பை விரித்தேன்.

"ஆயுதச் சட்ட வழக்கு! செய்யூர் டேவிட் விடுதலை!"

தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன. ஏரிக்கரைப் பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். மாமனார் தன்னை அறியாமல் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"டேவிட் மனைவி ஸ்டெல்லா!" என்று முதல் முறை கூப்பிட்டேன். உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. "டேவிட் மனைவி ஸ்டெல்லா!" என்று இரண்டாவது முறை. பிள்ளைகளின் குரல் கேட்டது. டேவிட் சுவரைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவதுக்கும் வரவில்லையென்றால் என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை.

மூச்சை இழுத்தேன். அதற்குள் அந்தப் பெண் வாசலுக்கு வந்துவிட்டாள். இடுப்பில் பை, பையில் அவசரத்தில் திணித்த சேலை பாதி வெளியே தொங்குகிறது, பின்னால் இரண்டு பிள்ளைகள்.

"கூவாதீங்கண்ணா, வந்துட்டேன்" என்றாள்.

இழுத்த மூச்சை அப்படியே விட்டுவிட்டேன்.